சிவப்பு உடை, பெங்குவின், வானவில் படிகள்: கெஸி பூங்கா 2013 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

படத்தில் ஒரு பெண் நிற்கிறார். சிவப்புப் பருத்தி உடை, தோளில் வெள்ளைத் துணிப்பை. கடைக்குப் போகிற வழியில் சற்று நின்றவர் போலத்தான் இருக்கிறார். எதிரே முகமூடி போட்ட காவலர் ஒருவர் முன்னால் குனிந்து, கைக்கெட்டும் தூரத்திலிருந்து அவர் முகத்தில் பெப்பர் ஸ்ப்ரேயைப் பீய்ச்சுகிறார். அடித்த வேகத்தில் கூந்தல் மேல்நோக்கி எழும்பி நிற்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரே தவிர, கையை ஓங்கவில்லை, ஓடவும் இல்லை.

2013 மே 28 அன்று, இஸ்தான்புல் நகரின் தக்சிம் சதுக்கத்தை ஒட்டிய கெஸி பூங்காவில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஒஸ்மான் ஒர்சால் எடுத்த படம் இது. சில நாட்களில் துருக்கி முழுக்கவும், அப்புறம் உலகம் முழுக்கவும் சுற்றியது. அந்தப் பெண் நகரத் திட்டமிடல் துறையில் பணிபுரிந்த பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். தன்னை ஒரு சின்னமாக்கியதை அவர் விரும்பவில்லை. தன்னைப் போலவே நிறையப் பேர் பூங்காவைக் காக்க வந்தார்கள், அவர்கள் மேலும் காவலர்கள் புகை அடித்தார்கள் என்றுதான் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனாலும் மற்றவர்களின் படங்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஏன் இந்தப் படம் மட்டும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் இதை எழுதத் தொடங்கினேன்.

கெஸி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'ட்விட்டர் புரட்சி' என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு படத்தைப் பகிர ஒரு நொடி போதும், மறக்கவும் அதே ஒரு நொடி போதும். கெஸியில் நிலைத்தவை எல்லாம் பார்த்தவர் தன் கையால் மறுபடி செய்து பார்க்கக்கூடியவையாக இருந்தன. வரையலாம், நிற்கலாம், படிக்குப் பெயின்ட் அடிக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

பூங்காவும் அதற்கு முந்தைய கோபமும்

கெஸி பெரிய பூங்கா ஒன்றும் இல்லை. சுமார் 600 மரங்கள், நடுவில் புல்வெளி, சில படிக்கட்டுகள், பெஞ்சுகள். ஆனால் தக்சிம் வட்டாரத்தில் கான்கிரீட்டுக்கு நடுவே மிஞ்சியிருந்த கொஞ்சப் பசுமையில் அதுவும் ஒன்று. 1806இல் அந்த இடத்தில் ஒட்டோமான் பீரங்கிப் படை முகாம் கட்டப்பட்டது. 1940இல் அதை இடித்தார்கள். பிரெஞ்சு நகரத் திட்டமிடுநர் ஆன்ரி ப்ரோஸ்ட் வகுத்த திட்டப்படி அங்கே பூங்கா வந்தது. 2013இல் அரசு சொன்னது நேர் எதிரானது: பூங்காவை எடுத்துவிட்டுப் பழைய முகாமின் வடிவத்தையே மறுபடி கட்டுவோம், உள்ளே வணிக வளாகமும் வரலாம்.

மரத்துக்காக மட்டும் இத்தனை பேர் தெருவுக்கு வந்தார்களா என்று அப்போது பலர் கேட்டார்கள். இல்லை. அந்த வசந்த காலத்தில் கோபம் ஏற்கெனவே குவிந்திருந்தது. தக்சிமுக்குப் பக்கத்தில் இருந்த பழைய எமெக் திரையரங்கை இடிப்பதை எதிர்த்து ஏப்ரலில் கூடிய சினிமாக்காரர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சப்பட்டது. மே 11 அன்று சிரியா எல்லையோரம் ரெய்ஹான்லியில் குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதைப் பற்றிச் செய்தி வெளியிடவே நீதிமன்றம் தடை போட்டது. மே 24 அன்று, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை மதுவைச் சில்லறையில் விற்கத் தடை விதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒவ்வொன்றுக்கும் கோபப்பட்டவர்கள் வேறு வேறு ஆட்கள். சினிமா ரசிகருக்கும் எல்லையோரக் கிராமத்தாருக்கும் பொதுவான ஒரு படம் கிடையாது. மரம் அந்தப் பொதுவான படத்தைக் கொடுத்தது. புல்டோசருக்கு முன்னால் ஒரு மரம் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

மே 27 இரவு புல்டோசர்கள் உள்ளே வந்தன. சுமார் ஐம்பது பேர் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். மறுநாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஸிர்ரி சுரேய்யா ஒன்டெர் புல்டோசருக்கு முன்னால் போய் நின்றார், வேலை நின்றது. அன்றுதான் சிவப்பு உடைப் படமும் எடுக்கப்பட்டது. மே 30 விடியற்காலையில் கூடாரங்கள் எரிக்கப்பட்டன. 31ஆம் தேதி விடியலில் மறுபடியும் கண்ணீர்ப் புகை. அன்று மாலைக்குள் ஐம்பது பேர் பல்லாயிரம் ஆனார்கள். ஜூன் 1 அன்று காவல்துறை தக்சிமை விட்டு விலகியது.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். புல்டோசரை நிறுத்தியது ட்வீட் அல்ல, அதன் முன்னால் நின்ற உடம்புகள். படங்கள் செய்த வேலை அதற்கு அடுத்தது: ஐம்பது பேருக்கு நடந்ததை, அங்கே இல்லாதவர்கள் தங்களுக்கே நடந்ததாக உணர வைத்தன.

பெங்குவின்கள்

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சமூக ஊடக ஆய்வகம் ஒன்று அந்த நாட்களின் ட்வீட்களை எண்ணிப் பார்த்தது. மே 31 மாலை 4 மணியிலிருந்து எட்டு மணி நேரத்தில் குறைந்தது 20 லட்சம் ட்வீட்கள். நள்ளிரவு தாண்டிய பிறகும் நிமிடத்துக்கு 3,000க்கு மேல். 'கெஸி பூங்காவே, எதிர்த்து நில்' என்று பொருள்படும் ஹேஷ்டேக் மட்டும் சுமார் 9,50,000 முறை வந்தது. இருப்பிடம் தெரிந்த ட்வீட்களில் சுமார் 90 சதவீதம் துருக்கிக்குள்ளிருந்தே வந்தவை, பாதி இஸ்தான்புல்லிலிருந்து. எகிப்துப் புரட்சியின்போது ட்வீட் போட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் அந்த நாட்டுக்குள் இருந்தார்கள் என்று ஒரு கணிப்பு உண்டு. அதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கெஸியில் வெளிநாட்டிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் குறைவு. அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று அறிய, அந்தத் தெருவில் நிற்பவனிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படிக் கேட்க வேண்டி வந்ததற்குக் காரணம் தொலைக்காட்சி. தக்சிம் புகைந்துகொண்டிருந்த இரவில் துருக்கியின் செய்தி அலைவரிசையான சிஎன்என் துர்க் பெங்குவின்களைப் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதே நேரம் சிஎன்என் சர்வதேச அலைவரிசை தக்சிமை நேரலையில் காட்டியது. யாரோ இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள்: ஒரு பக்கம் புகை, மறு பக்கம் பனி. ஊடகத் தணிக்கையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த ஒற்றைப் படம் அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

அப்புறம் பெங்குவின் கைமாறியது. புகைத் தடுப்பு முகமூடி போட்ட பெங்குவின், கூட்டத்தில் கொடி பிடிக்கும் பெங்குவின் என்று சுவரிலும் சட்டையிலும் வந்தது. வரையத் தெரியாதவரும் வரைந்துவிடலாம், கறுப்பு மை இருந்தால் போதும். அதுதான் விஷயம்.

சொற்களும் அதே வழியில் போயின. பிரதமராக இருந்த எர்டோகன் போராடியவர்களை 'சாபுல்ஜு' என்றார். சூறையாடித் திரிபவன் என்று பொருள். இரண்டே நாளில் அந்த வசவு பட்டமாகிவிட்டது. பெயருக்கு முன்னால் 'சாபுல்ஜு' என்று சேர்த்துக்கொண்டவர்கள் கணக்கில்லை. ஆங்கில விகுதியை ஒட்டி 'சாபுல்லிங்' என்று ஒரு வினையையே உண்டாக்கினார்கள். அந்தச் சொல்லைச் சொன்ன அதே ஜூன் 2 அன்றுதான் எர்டோகன் ட்விட்டரை ஒரு பெரும் தொல்லை என்றும், சமூக ஊடகம் சமூகத்துக்கே கேடு என்றும் பேசினார்.

சுவரெழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: 'சில விஷயங்கள் ஒழிக!' எந்த விஷயங்கள் என்று கிடையாது. துருக்கி மொழியில் 'சில' என்ற சொல்லையும் வேண்டுமென்றே பிழையாக எழுதியிருந்தார்கள். இன்னொரு சுவரில் 'கோஷம் எதுவும் தோன்றவில்லை' என்று மட்டும் இருந்தது. அரசியல் சலிப்பு என்கிறோமே, அதை இதைவிட நேராகச் சொன்ன வரியை நான் பார்த்ததில்லை. எது ஒழிய வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் இருந்தது. அந்த வரி பட்டியலைக் கேட்கவில்லை. அதனால் மதப்பற்றுள்ளவரும் இடதுசாரியும் கால்பந்து ரசிகரும் அதே வரியைத் தங்கள் பக்கத்தில் போட முடிந்தது.

சிவப்பு உடைக்கும் இதுவே நடந்தது. ஸ்டென்சிலாக, கேலிச்சித்திரமாக, சுவரொட்டியாக மாறியது. ஒரு சுவரொட்டியில் அந்தப் பெண் காவலரைவிடப் பல மடங்கு பெரிதாக நிற்கிறார். 'நீ அடிக்க அடிக்க நாங்கள் வளர்கிறோம்' என்கிறது அதில் உள்ள வரி. மூலப் படத்தைப் பாருங்கள்: பக்கவாட்டு உருவம், ஒரே நிறம், எதிரே ஒரு கறுப்பு உருவம், நடுவில் ஒரு கோடு. முகம்கூடச் சரியாகத் தெரியாது. முகம் தெளிவாகத் தெரிந்திருந்தால் அது ஒரு தனி ஆளின் படமாகவே நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். முகம் மறைந்ததால் யாரும் அங்கே போய் நின்றுகொள்ள முடிந்தது.

பாலத்தின் மேல் ஒரு பொய்ப் படம்

இந்தக் கதையில் அழகான பக்கம் மட்டும் இல்லை.

ஜூன் 1 காலையில் ஆசியக் கரையிலிருந்து பெரும் கூட்டம் பாஸ்பரஸ் பாலத்தை நடந்தே கடந்து தக்சிமுக்கு வந்தது. இது உண்மை. ஆனால் அதற்குச் சான்றாக லட்சக்கணக்கானவர்களிடம் போன படம் ஒன்று வேறு ஒரு நாளில் எடுத்தது. பாலம் முழுக்கத் தலைகள் நிரம்பி வழியும் அந்தப் படம் இஸ்தான்புல் மாரத்தான் ஓட்டத்தின் படம். உண்மையில் நடந்த ஒன்றுக்குப் பொய்யான படம்!

அதைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது. விடியற்காலை மங்கிய வெளிச்சத்தில், நடந்துகொண்டே எடுத்த உண்மையான படங்கள் கலங்கலாக இருந்தன. மாரத்தான் படமோ பளிச்சென்று, உயரத்திலிருந்து எடுத்தது. மனதில் இருந்த காட்சிக்கு அதுதான் பொருந்தியது. கையிலிருந்த உண்மையைவிட அழகான பொய் பரவுவதற்கு யாரும் திட்டமிட வேண்டியதில்லை, அவசரமும் ஆசையும் போதும். ஆரஞ்சு நிறப் புகை வந்தபோது அது வியட்நாம் போரில் பயன்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்று ஒரு வதந்தியும் ஓடியது. ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லி. பீப்பாயில் அடித்திருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர் அது, புகையின் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தப் பிழைகளுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 'எல்லாமே பொய்ப் பிரசாரம்' என்று சொல்ல அரசுத் தரப்புக்கு ஒரு கைப்பிடி கிடைத்தது. ஜூன் முதல் வாரத்திலேயே இஸ்மிர் நகரில் ட்வீட் போட்டதற்காகக் கைதுகள் தொடங்கின. அங்கே 29 இளைஞர்கள் மேல் வழக்கு நடந்தது. 2014 செப்டம்பரில் அவர்கள் விடுதலையானார்கள். விடுதலைதான், ஆனால் அதற்குள் ஒரு வருடத்துக்கும் மேல் போய்விட்டது. அடுத்த முறை எதையாவது பதியும் முன் பயந்து யோசிக்கும் பழக்கம் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்பது எந்தத் தீர்ப்பிலும் இருக்காது.

நின்ற மனிதர்

ஜூன் 12 இரவு, டவிடே மார்ட்டெல்லோ என்ற ஜெர்மானிய இசைக்கலைஞர் ஒரு பெரிய பியானோவை தக்சிம் சதுக்கத்தில் வைத்து வாசித்தார். அழகான படங்கள் கிடைத்தன. ஆனால் பியானோவை ஆளாளுக்குக் கொண்டுவர முடியாது, அந்தப் படம் படமாகவே நின்றுவிட்டது. ஜூன் 15 மாலை காவல்துறை பூங்காவைக் காலி செய்தது.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 17 மாலை ஆறு மணிவாக்கில், எர்டெம் குன்டூஸ் என்ற நடன, நிகழ்த்துக் கலைஞர் சதுக்கத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. முதுகுப்பையைக் கீழே வைத்தார். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எதிரே இருந்த அத்தாதுர்க் பண்பாட்டு மையத்தின் முகப்பையும் அதில் தொங்கிய கொடியையும் பார்த்தபடி நின்றார். பேச்சில்லை, பதாகையில்லை. காவலர்கள் வந்து பையைச் சோதித்தார்கள். சும்மா நிற்பவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? சுமார் எட்டு மணி நேரம் அப்படியே போனது. ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நிற்கத் தொடங்கினார்கள். அதிகாலை இரண்டு மணிவாக்கில் காவல்துறை கலைத்தது, கூட நின்றவர்களில் சிலரைப் பிடித்துப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிற்கும் மனிதனைவிடச் சப்பையான புகைப்படம் கிடையாது. ஒரு நிமிடம் நின்றாரா எட்டு மணி நேரம் நின்றாரா என்பது படத்தில் தெரியாது. 'இன்னும் நிற்கிறார்' என்ற செய்திதான் அந்தப் படத்துக்கு எடை சேர்த்தது, அது ட்விட்டரில் நேரத்துக்கு நேரம் வந்துகொண்டிருந்தது. படம் தனியாகவோ எழுத்து தனியாகவோ இதைச் செய்திருக்காது. 'நின்ற மனிதர்' என்று பொருள்படும் 'துரான் அதாம்' ஹேஷ்டேக் சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் பரவ, மறுநாள் அங்காராவிலும் இஸ்மிரிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். செலவு இல்லை, பயிற்சி வேண்டாம்.

சாம்பல் பூசிய இரவு

அந்த ஆகஸ்ட் கடைசியில் நடந்ததை இந்த ஆய்வின் மையம் என்றே சொல்வேன். கோபத்தோடு தொடங்காத நிகழ்வு இது ஒன்றுதான்.

தக்சிமிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஃபின்டிக்லி பகுதியையும் ஜிஹாங்கிர் பகுதியையும் இணைக்கும் நீளமான பொதுப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. கான்கிரீட் படிகள், அழுக்கேறிய சாம்பல் நிறம். அந்தப் பக்கத்தில் குடியிருந்த 64 வயதான ஓய்வு பெற்ற வனத்துறைப் பொறியாளர் ஒருவர், சொந்தச் செலவில் சுமார் 40 கிலோ பெயின்ட் வாங்கி, மருமகன் துணையோடு நான்கு நாளில் படிகளுக்கு வானவில் வண்ணம் அடித்தார். போராட்டமா என்று கேட்டவர்களிடம் அவர் இல்லை என்றார், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் அடித்தேன் என்றார். ஆட்கள் படியில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள், மணமக்களும் வந்தார்கள். சரி, ஊரில் ஒரு அழகான மூலை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் படிகள் மறுபடி சாம்பல். இரவோடு இரவாக யாரோ பூசிவிட்டார்கள்.

வண்ணப் படமும் சாம்பல் படமும் அடுத்தடுத்து ட்விட்டரில் வந்தன. முந்தைய நாள்வரை அலங்காரமாக இருந்த ஒன்றை அந்தச் சாம்பல்தான் அரசியலாக்கியது. 'படிக்கட்டே, எதிர்த்து நில்' என்று ஹேஷ்டேக் கிளம்பியது. நகராட்சி பின்வாங்கி, அதன் ஆட்களே வந்து மறுபடி வண்ணம் அடித்தார்கள். ஆனால் அதற்குள் வேறு நகரங்களில் மக்கள் ஆளுக்கொரு வாளியோடு தங்கள் தெருப் படிகளில் இறங்கிவிட்டார்கள். அந்தப் பெரியவர் யாரையும் அழைக்கவில்லை. படிக்கட்டு இல்லாத தெரு அந்த மலைப்பாங்கான ஊர்களில் அபூர்வம், பெயின்ட்டும் எங்கும் கிடைக்கும்.

பிறகு

2014 மார்ச் 20 இரவு, ஊழல் தொடர்பான ஒலிப்பதிவுகள் கசிந்துகொண்டிருந்த நேரத்தில், துருக்கியில் ட்விட்டர் தடை செய்யப்பட்டது. அதைத் தாண்ட கூகுளின் டிஎன்எஸ் எண் (இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவையின் எண்) உதவியது. உடனே இஸ்தான்புல் சுவர்களில் '8.8.8.8' என்று ஸ்ப்ரே பெயின்ட்டில் எழுதினார்கள். இணையம் அடைபட்டபோது செய்தி சுவருக்குத் திரும்பியது, சுவரை எடுத்த படம் மறுபடி இணையத்துக்குப் போனது. அப்புறம் அந்த எண்ணும் அடைபட்டது. ஏப்ரல் 2 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தடை செல்லாது என்றது, மறுநாள் திறந்தார்கள். அதற்குப் பிந்தைய வழி நீளமானது, சுருக்கமாகச் சொன்னால்: 2020 ஜூலையில் சமூக ஊடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், 2022 அக்டோபரில் பொய்த் தகவல் பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்ற சட்டம். பாலத்து மாரத்தான் படத்தை இன்று அதே அவசரத்தில் பகிர்கிறவர் இந்தச் சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பூங்கா மிஞ்சியது. திட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்த செய்தி 2013 ஜூலையில் வந்தது. மரங்கள் அங்கேயே நிற்கின்றன. துருக்கி மருத்துவர் சங்கத்தின் கணக்கில் 8,000க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெர்கின் எல்வான் என்ற சிறுவனும் ஒருவன், அடிபட்டபோது வயது 14. ஒன்பது மாதம் நினைவின்றிக் கிடந்து 2014 மார்ச்சில் இறந்தான்.

கலைக்கும் கலைஞர்களுக்கும் பல ஆண்டுகள் துணைநின்ற தொழிலதிபர் ஒஸ்மான் கவாலா, கெஸிப் போராட்டத்தின் பின்னணியில் இருந்தார் என்ற குற்றச்சாட்டில் 2017 அக்டோபரில் கைதானார். அரசுத் தரப்பு முன்வைத்தவற்றுள் அவர் கைபேசியில் இருந்த ஒரு புகைப்படமும் உண்டு: ஒரு வரைபடத்தின் படம். நாட்டின் எல்லைகளை மாற்றி வரையும் திட்டம் என்றார்கள். அது துருக்கியில் எந்தெந்தப் பகுதியில் எந்த இனத் தேனீ வாழ்கிறது என்று காட்டும் வரைபடம். 2019 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவரை விடுவிக்கச் சொன்னது. 2020 பிப்ரவரியில் விடுதலைத் தீர்ப்பு வந்தது, அன்றே வேறு குற்றச்சாட்டில் மறுபடி பிடித்தார்கள். 2022 ஏப்ரல் 25 அன்று பரோல் வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனை. கூட இருந்த ஏழு பேருக்குத் தலா 18 ஆண்டு.

சிவப்பு உடைப் படத்தில் ஸ்ப்ரே அடித்த காவலரின் வழக்கு 2015 ஜூனில் முடிந்தது. 20 மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கூடவே 600 மரம் நட வேண்டும் என்று உத்தரவு.